ஸ்டென்ட் வைத்த பிறகு மனசு படுத்திய பாடு

சோமனூர்ப் பக்கம் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறேன், வயசு 54. போன வருஷம் ஆடி மாசம் மாரடைப்பு வந்து, கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். அந்தக் கதையை விடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பட்ட பாட்டைத்தான் எழுத நினைத்தேன், ஏனென்றால் அதைப்பற்றி டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரிகூட இல்லை.

ராத்திரி படுத்தால் காதுக்குள்ளே நெஞ்சு அடிப்பது கேட்கும். இடது பக்கம் புரண்டு படுக்கப் பயம், பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் போடப் பயம், தறி ஓடுகிற சத்தத்தில் நான் விழுந்தாலும் யாருக்குக் கேட்கும் என்று குடோனுக்குள் தனியாகப் போகவும் பயம். இதில் பார்க்க வருகிறவர்கள் வேறு. ஆப்பிளும் ஹார்லிக்சும் வாங்கிக்கொண்டு வந்து, "நல்லாத்தானுங்க இருந்தீங்க" என்று ஆரம்பித்து, இரண்டாவது அட்டாக்கில் போய்ச்சேர்ந்த யாரோ ஒருவர் கதையில் வந்து முடிப்பார்கள். கடைசியில் யார் வந்தாலும் "தூங்கறாருங்க" என்று சொல்லி அனுப்ப என் வீட்டுக்காரி பழகிவிட்டாள்.

ஒரு ராத்திரி நெஞ்சு அடைத்து, வேர்த்து, கை மரத்துப்போய் அவசரப் பிரிவுக்கு ஓடினோம். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருந்தது, கேஸ்தான் என்று அனுப்பிவிட்டார்கள். அது பயத்தினால் வந்த படபடப்பு என்று பின்னால்தான் தெரிந்தது. ஆனால் இது பயமா மாரடைப்பா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு பண்ண முடியாதுங்க. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு இப்படி ஆனால் 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டியதுதான்.

பயம் கொஞ்சம் அடங்கியபோது வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. எதிலும் பிடிப்பில்லை. கூலி உயர்வுக் கூட்டம் என்றால் முதல் ஆளாகப் போகிறவன், கூப்பிட்ட போனைக்கூட எடுக்கவில்லை.

அடுத்த ரிவ்யூவில் ஒரு சின்ன டாக்டரம்மா ஒரு தாளை நீட்டினார்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கிற 9 கேள்வி, PHQ-9 என்று பேர். கடந்த 2 வாரமாகத் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருக்கிறதா என்று போகும், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 27, 10 வந்தாலே மேற்கொண்டு பார்க்கணுமாம். எனக்கு 14. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதா என்பது. பக்கத்தில் வீட்டுக்காரி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டே இருந்துவிட்டு 1 போட்டேன், அவளும் பார்த்துவிட்டாள். பஸ்ஸில் நீலாம்பூர் தாண்டும் வரைக்கும் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "எங்கிட்டச் சொல்றதுக்கு என்னங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறதாம். அமெரிக்க இதயச் சங்கம் 2014-லேயே இதை இதய நோயாளிக்கு ஆபத்தைக் கூட்டுகிற காரணமாகச் சேர்க்கச் சொல்லிவிட்டது. மனசு சோர்ந்தவன் மாத்திரையை விடுவான், நடக்க மாட்டான், பீடியை மறுபடி எடுப்பான், அதனால் மட்டுமே பாதிக் கேடு வந்துவிடும்.

மனநல டாக்டரிடம் போவது ஊருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்று இருந்தது. போனேன். இதய மாத்திரைச் சீட்டு மொத்தத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தார், ஏனென்றால் பழைய மனச்சோர்வு மருந்துகள் சில இதயத்துக்கு ஆகாது. செர்ட்ராலின் என்கிற மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்து, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரலோடு சேரும்போது ரத்தக்கசிவு ஏதாவது தெரிந்தால் உடனே சொல்லணும் என்றார். முதலில் குமட்டல்தான் வந்தது, பலன் தெரிய சில வாரம் ஆச்சு.

ஆனால் பயத்தை உடைத்தது பிசியோதெரபி அறைதான். வயர்களை ஒட்டி டிரெட்மில்லில் நடக்க விட்டார்கள். திரையில் துடிப்பு 110-க்கு ஏறுவதையும், நின்றதும் தானாக இறங்குவதையும் என் கண்ணாலேயே பார்த்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை! அதே வழியில்தான் கவுன்சலரும் பழக்கினார்: முதலில் பாத்ரூம் தாழ்ப்பாள், அப்புறம் வாசல் வரை தனியாக, அப்புறம் குடோன். தாம்பத்தியம் பற்றிக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன், அந்த டாக்டரம்மாவே, இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இருந்தால் பொதுவாகப் பயமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி இப்போதும் சரியாகத் தூக்கம் வருவதில்லை. மாத்திரையும் இன்னும் ஓடுகிறது, டாக்டர் சொல்லாமல் நிறுத்த மாட்டேன். உங்கள் வீட்டில் ஸ்டென்டோ பைபாசோ ஆனவர் இருந்தால், அடுத்த தடவை போகும்போது அந்த 9 கேள்வித் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதுவரைக்கும் பொறுக்க முடியாவிட்டால் அரசாங்கத்தின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416 இருக்கிறது, இலவசம்தான், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.