ஐந்தாவது ஷட்அவுட்

1988 செப்டம்பர் 23, சான் ஃபிரான்சிஸ்கோ, கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானம். பேஸ்பால் ஆட்டம், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் 3, ஜயன்ட்ஸ் 0. ஒரே பிட்சர், அதாவது பந்து வீசுபவர், எதிரணிக்கு ஒரு ரன்கூட விடாமல் முழு ஆட்டத்தையும் முடிப்பதுதான் ஷட்அவுட். எத்தனையோ ஷட்அவுட் இருக்கிறது, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

டாட்ஜர்ஸின் பிட்சர் ஓரல் ஹெர்ஷைசர் அந்த மாதம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 5-ஆம் தேதி அட்லாண்டாவை 3-0, 10-ஆம் தேதி சின்சினாட்டியை 5-0, 14-ஆம் தேதி திரும்பவும் அட்லாண்டாவை 1-0, 19-ஆம் தேதி ஹூஸ்டனை 1-0. நான்கிலும் ஒன்பது இன்னிங்ஸும் அவர் ஒருவரே வீசினார். ரன் விடாமல் தொடர்ந்து அதிக இன்னிங்ஸ் வீசிய சாதனையைத்தான் அவர் நெருங்கிக்கொண்டிருந்தார். இப்போது ஒரு பிட்சர் ஏழு இன்னிங்ஸ் தாண்டினாலே பாராட்டுகிறோம். அந்த இரண்டு 1-0 ஆட்டங்களையும் கவனியுங்கள், ஒரே ஒரு ரன் விட்டிருந்தால்கூட முன்னிலை போயிருக்கும்.

அவருடைய ஆயுதம் சிங்க்கர். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு அருகில் வரும்போது பந்து சட்டென்று கீழே இறங்கும், பேட்டர் அதன் மேல்பாகத்தில்தான் அடிப்பார், பந்து தரையோடு உருண்டு, பேஸ்களுக்கு அருகில் நிற்கும் இன்ஃபீல்டர் கைக்குப் போகும். அதாவது அவுட் எடுக்கும் வேலையில் பாதி பின்னால் நிற்பவர்களுடையது. மூன்றாவது இன்னிங்ஸில் நடந்ததும் இதனால்தான்.

பேட்டர் மூன்று பேஸ்களையும் தாண்டி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன், மூன்று அவுட் ஆனால் இன்னிங்ஸ் முடிந்துவிடும். ஜயன்ட்ஸுக்கு ஒரு அவுட் ஆகியிருக்கிறது, மூன்றாவது பேஸில் ஹோசே உரிபே, முதல் பேஸில் பிரெட் பட்லர். எர்னஸ்ட் ரைல்ஸ் அடித்த பந்து தரையில் உருண்டு ஸ்டீவ் சாக்ஸிடம் போக, அவர் இரண்டாவது பேஸில் இருந்த ஆல்ஃப்ரெடோ கிரிஃபினுக்குக் கொடுத்தார். பட்லர் அங்கே வருவதற்குள் பந்து வந்துவிட்டதால் அவர் அவுட். கிரிஃபின் அடுத்து முதல் பேஸுக்கு எறிய வேண்டும், ஆனால் பட்லர் சறுக்கி வந்து குறுக்கிட்டதில் டபுள் பிளே, அதாவது ஒரே பந்தில் இரண்டு அவுட், கெட்டது, ரைல்ஸ் முதல் பேஸைத் தொட்டுவிட்டார், உரிபேயும் ஹோம் பிளேட்டுக்கு ஓடி வந்துவிட்டார். ரன்! எல்லாம் முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் அம்பயர் பால் ரங்கி, பட்லர் ஃபீல்டரைத் தடுத்தார் என்று சொல்லி ரைல்ஸுக்கும் சேர்த்து அவுட் கொடுத்தார். மூன்று அவுட், இன்னிங்ஸ் முடிந்தது, ரன்னும் செல்லாது.

இதை வைத்து அந்தச் சாதனையை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களை நான் ஏற்கமாட்டேன். அந்தக் காலத்தில் ஃபீல்டர் மேல் சறுக்குவது சகஜம், அம்பயர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், அதனால் ஜயன்ட்ஸ் ரசிகர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் விதி புத்தகத்தில் இருந்தது. தவிர, அதற்குப் பிறகும் ஹெர்ஷைசர் ஆறு இன்னிங்ஸ் வீச வேண்டியிருந்தது, டாட்ஜர்ஸும் ரன் எதுவும் எடுத்திருக்கவில்லை. எட்டாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் மிக்கி ஹாட்சர் பந்தை வேலிக்கு அப்பால் அடித்து, மூன்று ரன் தரும் ஹோம் ரன் எடுத்த பிறகுதான் மூச்சு வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹெர்ஷைசர் துரத்திக்கொண்டிருந்தது 1968-இல் டான் டிரைஸ்டேல் வைத்த சாதனை, அவரும் டாட்ஜர்ஸ்தான். டிரைஸ்டேலின் ஐந்தாவது தொடர் ஷட்அவுட்டும் இதே ஜயன்ட்ஸுக்கு எதிராக, அதுவும் 3-0! அதிலும் ஒன்பதாவது இன்னிங்ஸில் பேஸ்கள் நிறைந்திருக்க, பந்து டிக் டீட்ஸ் மேல் பட்டது. பந்து மேலே பட்டால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம், பேஸ்கள் நிறைந்திருந்ததால் ஒரு ரன் வந்திருக்க வேண்டும், ஆனால் டீட்ஸ் விலக முயலவில்லை என்று அம்பயர் ஹாரி வெண்டல்ஸ்டெட் அதைத் தரவில்லை. இருபது வருட இடைவெளியில் இரண்டு பேருக்கும் ஒரே எதிரணி, ஒரே ஸ்கோர், ஒரு அம்பயர் தீர்ப்பு. எத்தனை முறை படித்தாலும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 28, சான் டியேகோவில் ஹெர்ஷைசர் பத்து இன்னிங்ஸ் ரன் விடாமல் வீசினார். ஆகஸ்ட் 30 ஆட்டத்தின் கடைசி நான்கு இன்னிங்ஸையும் சேர்த்து மொத்தம் 59 இன்னிங்ஸ், டிரைஸ்டேலைவிட ஒன்று அதிகம், இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. அப்போது டிரைஸ்டேல் டாட்ஜர்ஸின் வர்ணனையாளர். அந்த ஆட்டம் பதினாறு இன்னிங்ஸ் வரை இழுத்தது, டாட்ஜர்ஸ் 2-1 என்று தோற்றார்கள். சாதனை ஆட்டம் என்று எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள், சரி, ஆனால் அந்தத் தொடரில் ஹெர்ஷைசருக்கு வெற்றியும் பூஜ்யமும் சேர்ந்து கிடைத்த கடைசி லீக் ஆட்டம் கேண்டில்ஸ்டிக்கில் நடந்ததுதான்.