பீப் சத்தத்தை நம்பிப் போன இரண்டு வாரம்

புனலூரில் இருந்து ராத்திரி திரும்பும்போது ஆரியங்காவிலேயே ஹெட்லைட் மஞ்சளாக மங்கியது. நல்ல மழை. புளியரை எஸ் வளைவு இறங்குவதற்குள் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. பேட்டரி விளக்கு மட்டும் எரியவே இல்லை.

செங்கோட்டையில் ஒரு கடையில் பேட்டரி போச்சு என்றார்கள், மாற்றினேன். நாலே நாளில் அதுவும் இறங்கியது. அடுத்த எலக்ட்ரீஷியன், இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழட்டிப் பார்க்கக் கை வைத்தார். நல்லவேளை, தடுத்துவிட்டேன். அப்படிக் கழட்டினால் வோல்டேஜ் எகிறி இசிஎம் (இன்ஜினை இயக்கும் கணினிப் பெட்டி) போய்விடலாம். யாரையும் செய்ய விடாதீர்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைக் கழட்டிப் புனலூருக்குத் தூக்கிப் போனேன். பெஞ்ச்சில் போட்டுப் பார்த்தவர், "இதினு ஒரு குழப்பவும் இல்ல, வயர் நோக்கு அண்ணாச்சி" என்று திருப்பிக் கொடுத்தார். ஒரு நாள் வீண்.

ஆல்டர்னேட்டரில் இருந்து பேட்டரிக்குப் போகும் வயரையும் பார்த்தேன். வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் பீப் முறையில் மல்டிமீட்டரை வைத்தால் அழகாகச் சத்தம் வந்தது. வயர் நல்லது என்று முடிவு கட்டியதில் இன்னொரு வாரம் போனது. கடைசியில் எங்கள் தெருவில் இருக்கும் பழைய லாரி எலக்ட்ரீஷியன்தான் கேட்டார்: "கரண்டு ஓடாத வயர்ல என்னத்தப் பாக்க? வண்டியை ஓடவிட்டுப் பாரு தம்பி."

இன்ஜின் ஓட, ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டேன். ஆல்டர்னேட்டரில் கரண்டு வெளியே வரும் பி பிளஸ் போல்ட்டில் 14.4 வோல்ட், பேட்டரியில் 12.3. சிவப்பு முனையை பி பிளஸ்ஸிலும் கறுப்பை பேட்டரி பிளஸ்ஸிலும் நேராக வைத்தால் 2.1, அவ்வளவும் வழியிலேயே இழப்பு. அது 0.2, மிஞ்சிப்போனால் 0.3 இருக்கலாம். 25 ஆம்பியர் ஓடினால் இந்த இழப்புக்கு 0.08 ஓம் போதும். மீட்டர் வயருக்கே அதைவிட அதிகம் இருக்கும், பிறகு பீப்பில் எப்படித் தெரியும்? ஆல்டர்னேட்டர் ஒழுங்காக வேலை செய்ததால்தான் விளக்கும் எரியவில்லை.

துண்டு துண்டாக அளந்ததில் ஃபியூஸ் பாக்ஸ் பக்கத்து லக்கில் (வயர் நுனியில் போல்ட் மாட்டும் வளையம்) மாட்டியது. டேப்பை உரித்தேன். உள்ளே பச்சைக் களிம்பு, மேல் ரப்பர் சூட்டில் பழுத்துக் கருகியிருந்தது. ஏழெட்டு இழைகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன.

16 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், இரண்டு பக்கமும் புது லக், நசுக்கிப் பிடிக்கும் கிரிம்ப் என்று புதிதாகப் போட்டேன். நீங்கள் செய்தால் முதலில் பேட்டரி மைனஸைக் கழட்டுங்கள், வண்டி அணைந்திருந்தாலும் பி பிளஸ் போல்ட்டில் கரண்டு இருக்கும். வோல்ட் அளக்கும்போது மீட்டரின் சிவப்பு வயர் 10 ஆம்பியர் துளையில் இருக்கவே கூடாது. ஃபேன் பெல்ட் பக்கம் கவனம்.

இப்போது இழப்பு 0.1, பேட்டரியில் 14.2. எக்சேஞ்சில் கொடுத்துவிட்ட பழைய பேட்டரிதான் இன்னும் மனதை அறுக்கிறது. வாங்கி 14 மாதம்தான் ஆகியிருந்தது.