தேய்மானம் என்று சொன்ன பிறகு

தாராவியில் எங்கள் வீடு கீழே ஒரு அறை, மேலே ஒரு அறை. நடுவில் படி கிடையாது, செங்குத்தான இரும்பு ஏணிதான். மொத்தம் 11 கம்பி. அம்மா தூங்குவது மேலே, இட்லி அவிப்பது கீழே. முப்பது வருஷமாக விடியற்காலை 3 மணிக்கு அந்த ஏணியில் இறங்கியவள், போன மழைக்காலத்தில் ஒருநாள் பாதி ஏணியில் நின்றுவிட்டாள். இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. நானும் அப்பாவும் தாங்கிப் பிடித்துத்தான் இறக்கினோம்.

"முட்டு பிடிச்சுக்கிட்டுட்டி. வயசாயிட்டுல்லா" என்றாள் முழங்காலைக் காட்டி. அம்மாவுக்கு 57 வயது.

பக்கத்தில் ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்து "கிஸ் கயா ஹை" என்றார். தேய்ந்துவிட்டது, ஓய்வெடுங்கள், வேண்டுமானால் சின்னத் துளை போட்டு மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யலாம் என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா காதில் விழுந்தது 'தேய்ந்துவிட்டது' என்ற ஒன்றுதான். சோப்பு தேய்வதுபோல நினைத்துக்கொண்டாள். நடந்தால் இன்னும் தேயும், உட்கார்ந்தே இருந்தால் மிச்சமாவது இருக்கும் என்று இரண்டு மாதம் கட்டிலை விட்டு அசையவில்லை. தொடை இளைத்துப்போனது. வலி கூடித்தான் போனது.

எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இதுதான். மூட்டு சோப்பு இல்லை. எலும்பின் நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. காலை ஊன்றும்போது அமுங்கி, எடுக்கும்போது விரிந்து, மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்கிறது. அசையாமல் வைத்தால் பட்டினி. முட்டு வலித்தால் தொடையின் முன்தசை தானாகவே வேலையைக் குறைத்துக்கொள்ளும். தசை சோர்ந்தால் அது தாங்க வேண்டிய பாரம் மூட்டில் இறங்கும். வலி இன்னும் கூடும். அம்மா அந்த இரண்டு மாதமும் இந்தச் சுழலில்தான் இருந்தாள். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் முட்டோடு நன்றாக நடப்பவர்களும் உண்டு, படம் சுத்தமாக இருந்தும் துடிப்பவர்களும் உண்டு. இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

சொன்னது சயான் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பிரிவில் இருந்த ஒரு பெண். படத்தைப் பார்ப்பதற்கு முன் கேள்விதான் கேட்டார். காலையில் எழுந்ததும் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கும்? நான் மொழிபெயர்த்தேன். "ரெண்டு கொப்பரை இட்லி இறக்குறதுக்குள்ள சரியாயிரும்" என்றாள் அம்மா. அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும் விறைப்பு பெரும்பாலும் தேய்மான வகைதானாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் தனி மாத்திரையும் வேண்டும், தைலம் தேய்த்து நாளைக் கடத்தக்கூடாது.

மடக்கும்போது முட்டு சிக்கிக்கொள்கிறதா என்றும் கேட்டார். எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தது. நகரும் லோக்கல் ரயிலிலிருந்து இறங்கும்போது பாதம் தரையில் நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து நடுவழியில் முட்டு பூட்டு விழுந்ததுபோல நின்றுவிடும். எம்ஆர்ஐயில் பார்த்தபோது இரண்டு எலும்புக்கும் நடுவில் மெத்தைபோல இருக்கும் பிறைவடிவத் தட்டு கிழிந்திருந்தது. நம் ஆட்கள் இதையும் ஜவ்வு என்கிறார்கள், எலும்பை இழுத்துக் கட்டும் நாரையும் ஜவ்வு என்கிறார்கள், குருத்தெலும்பையும் ஜவ்வு என்கிறார்கள். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. "ஜவ்வு போச்சு" என்று யாராவது சொன்னால் எந்த ஜவ்வு என்று கேளுங்கள்.

எனக்கும் வலி உண்டு, 33 வயதில். நாள் முழுக்க ஆபீஸ் நாற்காலியில் இருந்துவிட்டு குர்லா ஸ்டேஷன் பாலத்தில் இறங்கும்போது முட்டுச்சில்லுக்குப் பின்னால் குத்தும். அது தேய்மானம் இல்லை, தொடையும் இடுப்பும் பலவீனமாக இருப்பதுதான் என்று அந்தப் பெண் சொன்னார். யூரிக் அமிலம் கூடினாலும் முட்டு வீங்கும். முட்டு திடீரென்று சிவந்து சூடாகி, காய்ச்சலும் வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். உள்ளே கிருமி சேர்ந்திருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்மாவுக்குக் கொடுத்த பயிற்சி மூன்றே மூன்று. கால் நீட்டி உட்கார்ந்து, முட்டுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து 5 விநாடி அழுத்திப் பிடிப்பது. மல்லாந்து படுத்து, காலை மடக்காமல் ஓர் அடி தூக்கி மெல்ல இறக்குவது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. ஒவ்வொன்றும் பத்துப் பத்தாக. முதல் வாரம் வலி கூடியது, அம்மா அழுதாள். பயிற்சியின்போது தாங்கக்கூடிய வலி இருக்கலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் பயமில்லை என்று அந்தப் பெண் சொல்லியிருந்ததால்தான் விடாமல் செய்ய வைத்தேன். ஆறாவது வாரத்தில் வித்தியாசம் தெரிந்தது.

வீட்டையும் மாற்றினோம். தரையில் இருந்த அடுப்பு மேஜைக்கு ஏறியது, பலகைக்குப் பதில் உயரமான ஸ்டூல். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். எல்லாவற்றையும்விடக் கஷ்டம் கக்கூஸ்தான். எங்கள் சந்தில் பொதுக்கழிப்பறை, குந்திதான் உட்கார வேண்டும். குந்தி எழும்போதுதான் முட்டுக்குள் அழுத்தம் மிக அதிகம். சந்துப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, ஓர் அறையின் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி அடித்தோம். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, எத்தனை அத்தைமார் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள் என்று.

எடை 78 கிலோவிலிருந்து 74க்கு வந்திருக்கிறது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முட்டுக்குச் சுமார் நாலு கிலோ பாரம் குறையும்.

மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மா ஒரு வருஷமாக வெறும் வயிற்றில் டீயோடு மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு பிரஷர் வேறு. வயிறும் சிறுநீரகமும் கெடும் என்று நிறுத்தி, டைக்ளோஃபெனாக் ஜெல் மட்டும் தடவச் சொன்னார்கள். ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைத் தணிக்கும், அவ்வளவுதான். கழுவிச் சுத்தம் செய்யும் ஆபரேஷனை நாங்கள் மறுத்தது நல்லதாகப் போயிற்று. அமெரிக்காவில் 180 பேரை வைத்து நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்தவர்களுக்கும், தோலை மட்டும் கீறித் தைத்தவர்களுக்கும் வலியில் வித்தியாசமே இல்லை.

மூட்டு மாற்று ஒருநாள் தேவைப்படலாம். அம்மாவுக்கு அதில் பயம் இல்லை. "வாஜ்பாயிக்கு பிரீச் கேண்டியில செஞ்சாவல்லா" என்பாள். 2000இல் பிரதமராக இருந்தபோதே அவருக்கு இங்கே மும்பையில், பிரீச் கேண்டி ஆஸ்பத்திரியில் அந்த ஆபரேஷன் நடந்தது. 2017 ஆகஸ்டில் செயற்கை மூட்டின் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்ததால் எங்களைப் போன்றவர்களும் அதைப் பற்றி யோசிக்க முடிகிறது.

இப்போதைக்கு அவசரமில்லை. தேங்காய்ச் சட்னி அரைபடும் நேரத்தில் அம்மா ஸ்டூலில் எழுந்து எழுந்து உட்காருகிறாள். முட்டு நறநறவென்று சத்தம் போடத்தான் செய்கிறது, வலி மட்டும் பாதியாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மறுபடி சயானுக்குப் போகிறோம்.