பின்னுக்கு எடுங்க தம்பி

இந்தக் காலத்து ஆட்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்று எங்கள் மட்டக்களப்புப் பெரிசுகள் சொல்லும்போது நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். முன்னுக்கு ஓட்ட எல்லோருக்கும் தெரியும். ஓட்டோவுக்கும் நடுரோட்டில் அசைபோடும் மாட்டுக்கும் இடையில் மோட்டார் சைக்கிளை நுழைத்து எடுக்கிற பொடியன்களுக்குத் திறமை இல்லை என்று யார் சொல்வது? காணாமல் போனது பின்னுக்கு எடுக்கிற வித்தை.

1924இல் கட்டிய எங்கள் ஊர்ப் பழைய கல்லடிப் பாலம் ஒடுக்கமானது. அந்தப் பக்கத்து வரிசை வந்து முடியும் வரை இந்தப் பக்கம் நின்றாக வேண்டியிருந்தது. 2013இல் பக்கத்திலேயே அகலமான புதுப் பாலம் திறந்தார்கள். காத்து நிற்கிற பழக்கத்தை மட்டும் பழைய பாலத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். போதாததற்கு, 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு ஏறிய விலை. கீறல் விழுந்துவிடும் என்ற பயத்தில் யாரும் மதில் ஓரத்துக்கே போவதில்லை. லைசன்ஸ் எடுக்கிற அன்று ட்ரயலில் பின்னுக்கு எடுத்துக் காட்டியதோடு சரி, அந்தக் கியருக்கு ஓய்வு.

போன ஆடி அமாவாசைக்கு மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். அமிர்தகழியில் ஒரு ஒழுங்கை; ஒரு பக்கம் மதில், மறுபக்கம் தண்ணி ஓடுகிற கான். கோயிலுக்கு ஆட்களை ஏற்றி வந்த வேன் ஒன்று இந்தப் பக்கமாக நுழைய, புதுசாக மினுங்கும் வெள்ளைக் கார் எதிரே வந்தது. எங்கள் நாட்டில் லைட் அடித்தால் “நான் வாறன், நீ நில்” என்று அர்த்தம். இரண்டு பேரும் அடித்தார்கள். இரண்டு பேரும் வந்தார்கள்.

“பின்னுக்கு எடுங்க தம்பி, பத்தடிதான்” என்றார் வேன்காரர்.

“எனக்குப் பின்னால ஓட்டோ நிக்கிது அண்ணே, நீங்க எடுங்க.”

வேனுக்குப் பின்னாலும் அதற்குள் ஊரே சேர்ந்துவிட்டது. நான் சைக்கிளோடு மதிலில் சாய்ந்துகொண்டேன். ஒருவழியாக ஓட்டோவைப் பின்னால் தள்ளி வழி விட்டார்கள். தம்பி ரிவர்ஸ் போட்டார். கார் கீக் கீக் என்று கத்தியது. கமராவில் ஒரு ஆடு தெரிந்ததும் பிரேக். ஆடு போனது, ஒரு சைக்கிள் வந்தது, மறுபடி பிரேக். வேனுக்குள் இருந்த ஆச்சி ஒருவர் பொறுமை இழந்து கதவைத் திறந்தார். “நாங்க நடந்து போறம். நீங்க ரெண்டு பேரும் கதைச்சு முடிச்சிட்டு மறுகா வாங்க.” வேன் காலியானது.

அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து சாரத்தை மடித்துக் கட்டியபடி ஒரு ஐயா வந்தார். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று யாரோ சொன்னார்கள்.

“திறப்பைத் தா.”

“திறப்பு இல்ல ஐயா, பட்டன்தான்.”

முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். பழக்கதோஷத்தில் இடது கால் கிளச்சைத் தேடி பிரேக்கில் விழ, கார் குனிந்து கும்பிட்டது. தம்பிக்கு வியர்த்துவிட்டது. ஐயாவோ திரையைத் திரும்பியும் பார்க்காமல் ஜன்னலால் தலையை வெளியே நீட்டி, ஒரே மூச்சில் சந்தி வரைக்கும் பின்னுக்குக் கொண்டுபோய் விட்டார். மதிலிலும் முட்டவில்லை, கானிலும் இறங்கவில்லை.

“கிளச் இல்லாத வண்டிக்கு என்னத்துக்கு லைசன்ஸ்?” என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

வழி கிடைத்த சந்தோஷத்தில் வேன்காரர் ஸ்டார்ட் செய்தால், முன்னால் இரண்டு மோட்டார் சைக்கிள்களும் ஒரு ஐஸ்கிறீம் வண்டியும் ஒழுங்கைக்குள் வந்து நிற்கின்றன. அவர்களும் லைட் அடித்தார்கள்.

ஆச்சி தீர்த்தம் ஆடி, ஈரத் தலையோடு திரும்பி வந்து வேன் ஜன்னலைத் தட்டினார்.

“இன்னும் கோயிலுக்குப் போகல்லியா மனே?”