எட்டாவது வரி

2022 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திருப்பூரில் ஒரு காஜா பட்டன் யூனிட்டுக்கு மேலே இருக்கிற தகரக் கூரை அறையில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு மூன்று பேர், கடனை அடைக்க மாதாமாதம் கூடிப் பேசுகிறவர்கள். எங்கள் கம்பெனி கட்டிங் மாஸ்டர், தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கும் ஒரு டீச்சர் அக்கா, காம்பாக்டிங் மெஷினில் வேலை பார்க்கும் ஒரு தம்பி. நடுவில் நீள அட்டை நோட்டு. "மொத்தக் கடன் எவ்வளவு?" என்று மாஸ்டர் கேட்டார். "நாலு, நாலரை லட்சம் இருக்கும்" என்றேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "இருக்கும்னு எல்லாம் வேண்டாம், போனை எடுங்க, மெசேஜைப் பார்த்து எழுதலாம்" என்றார் அக்கா.

எழுதினோம். ஒரு கிரெடிட் கார்டில் 1,18,000. இன்னொன்றில் 64,000. வங்கியில் வாங்கிய பர்சனல் லோன் பாக்கி 2,10,000. மூன்று லோன் ஆப்பில் சேர்த்து 27,000. மனைவியின் அஞ்சு பவுன் வங்கியில் 1,40,000-க்கு அடகில். என் சொந்த அக்காவின் வீட்டுக்காரரிடம் கைமாத்து 80,000. ஒரு ஃபைனான்ஸில் 3 வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு மூன்று ரூபாய்) 50,000. ஏழு வரி. கூட்டினால் 6,89,000. ஒவ்வொரு தொகையும் எனக்குத் தனித்தனியாக மனப்பாடம். ஆனால் கூட்டிப் பார்த்ததே இல்லை, இரண்டு வருடமாக ஒரு தடவைகூட.

எப்படிச் சேர்ந்தது என்பதில் பெரிய கதை எதுவும் இல்லை. லாக்டவுனில் பாதிச் சம்பளம், அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, கார்டில் சமாளிப்பு, கார்டை அடைக்க 2021-ல் பர்சனல் லோன், அந்த லோனிலேயே கொஞ்சம் மிச்சம் பிடித்து ஒரு செகண்ட் ஹேண்ட் புல்லட் (ஆமாம், திட்டிக்கொள்ளுங்கள்), அப்புறம் நூல் விலை ஏறி ஆர்டர் குறைந்த 2022. நான் மெர்ச்சண்டைசர், கைக்கு வருவது 42,000. மனைவி செக்கிங் வேலைக்குப் போய் 11,000 கொண்டு வருவாள். அடகு வைத்த நகை மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

மாஸ்டர் எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், நான் ஒரு நாளைக்கு நாலு தடவை போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்று, "எந்த ஆப்புல மாட்டியிருக்க தம்பி?" என்றார். சிரித்து மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. அந்த ஏழு நாள் ஆப்புகள் 5,000 என்று சொல்லி, பிடித்தம் போக 3,000 சொச்சம்தான் கையில் தரும், ஏழாம் நாள் முழு 5,000 கேட்கும், தராவிட்டால் போனில் இருக்கிற எல்லா நம்பருக்கும் மெசேஜ் போகும். என் பையனின் வேன் டிரைவருக்குப் போயிருந்தது. 2022 செப்டம்பரிலேயே கடன் ஆப்புகள் போனின் தொடர்புகளைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது, வசூல்காரர்கள் காலை 8-க்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் அழைக்கக்கூடாது என்றும் விதி இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் சொல்லித்தான் இரண்டுமே எனக்குத் தெரியும். காம்பாக்டிங் தம்பி ஏற்கெனவே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடித்துப் புகார் கொடுத்த அனுபவசாலி. என்னென்ன ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும், எந்த எண்ணிலிருந்து வந்த மிரட்டலை அழிக்கக்கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தான்.

நோட்டை நடுவில் வைத்து ஆளாளுக்குக் கணக்குச் சொல்வதைப் பார்த்தபோது எங்கோ பார்த்தது மாதிரியே இருந்தது. எங்கள் சொந்த ஊர் தர்மபுரிப் பக்கம். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989-ல் முதலில் தொடங்கியது அந்த மாவட்டத்தில்தான். சின்ன வயதில் அம்மாவோடு குழுக் கூட்டத்துக்குப் போய் மடியில் தூங்கியிருக்கிறேன். ஊக்குநர் அம்மா பேர் வாசிக்க வாசிக்க ஒவ்வொருவரும் சந்தா எவ்வளவு, கடன் பாக்கி எவ்வளவு, இந்த மாதம் ஏன் கட்டவில்லை என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். ஆண்கள் நாங்கள் அதைக் கிண்டல் செய்வோம், 'பொம்பளைங்க வட்டமேஜை' என்று.

எங்கள் கூட்டத்தில் சந்தாவும் கிடையாது, பொதுப்பணமும் கிடையாது. ஒருத்தருக்கொருத்தர் பத்து ரூபாய்கூடக் கடன் கொடுக்கக் கூடாது, ஜாமீன் கையெழுத்தும் போடக் கூடாது, இதில் மாஸ்டர் கறார். டீக்காசைக்கூட அவரவர்தான் கொடுப்போம். மாதத்தில் முதல் ஞாயிறு வர வேண்டும், ஸ்டேட்மென்டைக் காட்ட வேண்டும், வாயால் சொன்னால் எழுத மாட்டார்கள். புதிதாக எதிலாவது கையெழுத்துப் போடும் முன் யாராவது ஒருவருக்குப் போன் செய்ய வேண்டும். இங்கே பேசியது இங்கேயே. அவ்வளவுதான்.

முதல் வேலை புல்லட்டை விற்றது. 92,000 கிடைத்தது. அதை எதில் கட்டுவது என்று பெரிய வாக்குவாதம். டீச்சர் அக்கா கார்டில் போடச் சொன்னார், அதற்கு ஒரு கணக்கும் போட்டுக் காட்டினார். 1,18,000-க்கு மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 4,130, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4,873. நான் 'மினிமம் டியூ' என்று மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தது 5,900. அதில் அசலுக்குப் போனது ஆயிரம் சொச்சம், அந்த ஆயிரத்தையும் நான் அடுத்த வாரமே பெட்ரோலுக்குத் தேய்த்துவிடுவேன். பாக்கி இருக்கும்போது புதிதாகத் தேய்க்கிறதுக்கு ஒரு நாள்கூட வட்டியில்லாத அவகாசம் கிடையாது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. மூணு வட்டிக்காரரைக் கந்துவட்டி என்று திட்டிக்கொண்டே நாலு வட்டிக்காரரிடம் ரிவார்டு பாயிண்ட் சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "கணக்கு சரிதாங்க டீச்சர். ஆனா கார்டுக்காரன் வீட்டு வாசல்ல வந்து நிக்கல. ஃபைனான்ஸ்காரன் கிட்ட வெத்து செக் இருக்குது. தம்பி ராத்திரி தூங்கினாத்தானே காலையில வேலைக்குப் போகும்." கடைசியில் அவர் சொன்னபடிதான் நடந்தது. ஆப் மூன்றுக்கும் 27,000, ஃபைனான்ஸுக்கு 50,000, மிச்சம் 15,000 சின்ன கார்டுக்கு. இப்போது யோசித்தாலும் அது சரி என்றே தோன்றுகிறது. ஃபைனான்ஸில் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, செக்கும் புரோநோட்டும் வேறு இடத்தில் இருக்கிறது, அப்புறம் வந்து வாங்கிக்கொள் என்றார்கள். தனியாகப் போயிருந்தால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். கூட வந்த மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து, "பரவால்லீங்க, எடுத்துட்டு வர்ற வரைக்கும் இருக்கறோம்" என்று பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். நாற்பது நிமிடத்தில் இரண்டும் வந்தது.

பெரிய கார்டு வங்கியில் பேசி, பாக்கி முழுவதையும் வருடத்துக்கு 16 சதவீத வட்டியில் 24 மாதத் தவணையாக மாற்றினேன். மாதம் 5,800 சுமார். கேட்டாலே கொடுக்கிறார்கள் என்பது தெரியாமல் ஒன்றரை வருடம் போயிருந்தது. கார்டைக் கத்தரிக்கோலால் வெட்டி நோட்டுக்குள் ஒட்டினோம், அது தம்பியின் ஐடியா, கொஞ்சம் நாடகம்தான்.

இரண்டாவது கூட்டத்துக்கு முன் வீட்டில் சொல்லியாக வேண்டும் என்றார்கள். சொன்னேன். எப்படிச் சொன்னேன், அவள் என்ன சொன்னாள் என்பதை எழுதப் போவதில்லை. மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் ராத்திரி, "அந்த நோட்டைக் கொண்டு வாங்க, நானும் பாக்கணும்" என்றாள். அதற்கப்புறம் வீட்டுச் செலவுக் கணக்கு அவள் கைக்குப் போனது. கேபிளை நிறுத்தினாள், அரிசியை மூட்டையாக வாங்கினாள், என் பாக்கெட்டில் வாரத்துக்கு 500 வைத்தாள். முப்பத்தாறு வயதில் பாக்கெட் மணி.

மாதம் 22,700 கடனுக்கென்று ஒதுக்கினோம். லோனுக்கு 7,900, பெரிய கார்டுக்கு 5,800, மிச்சம் 9,000 சின்ன கார்டுக்கு. சின்ன கார்டு ஏழு மாதத்தில் முடிந்தது. நகை வட்டி வருடம் 12,600, அது தீபாவளி போனஸில். உண்மையைச் சொன்னால் இந்தக் காலம் பூராவும் சலிப்புதான். ஒவ்வொரு முதல் ஞாயிறும் அதே டீ, அதே வடை, அதே நோட்டு. கட்டின தொகையை அக்கா எழுதுவார், பாக்கியைக் கழிப்பார், சரிபார்த்து டிக் போடுவார். ஒரு மாதம் நான் போகவில்லை, உடம்பு சரியில்லை என்று மெசேஜ் போட்டேன். ஒரு மணி நேரத்தில் மூன்று பேரும் சாத்துக்குடியோடு வீட்டு வாசலில். எனக்கு எதுவும் இல்லை, அந்த மாதம் கார்டுக்கு 9,000-க்குப் பதில் 4,000 தான் கட்டியிருந்தேன், அவ்வளவுதான். சாத்துக்குடியைச் சாப்பிட்டபடியே நோட்டில் 4,000 எழுதினார்கள்.

ஐந்தாவது மாதம் ஒன்று நடந்தது. பேச்சுவாக்கில், அம்மா குழுவில் இருக்கிறார், எனக்குக்கூட ஒரு தடவை 30,000 எடுத்துக் கொடுத்தார் என்று சொன்னேன். அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "அது நோட்டுல இல்லையே?" அம்மா காசுதானே, அது கடனா என்றேன். மாஸ்டருக்கு அதுவரை நான் பார்க்காத கோபம். "உங்கம்மா மாசாமாசம் பதினஞ்சு பொம்பளைங்க முன்னாடி உக்காந்து உனக்காகப் பதில் சொல்லிட்டு இருக்குது, நீ இங்க ஏழு வரிதான்னு எழுதி வச்சிருக்கற." எட்டாவது வரி எழுதினோம். ஆக என் உண்மையான தொகை 7,19,000. அன்று ராத்திரி அம்மாவுக்குப் போன் செய்து, பாக்கி எவ்வளவு என்று கேட்டேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருடா உனக்குச் சொன்னது?" ஆடு ஒன்றை விற்றுப் பாதிக்கு மேல் கட்டியிருக்கிறார். மாதம் 2,000 வீதம் பதினைந்து மாதம் அனுப்பினேன், முழு முப்பதாயிரமும், ஆட்டுக்கும் சேர்த்து.

நடுவில் சின்ன கார்டின் வசூல் ஆள் ஒருவர், ஒரே தடவையில் பாதியைக் கட்டு, செட்டில் செய்துவிடலாம் என்று ஆசை காட்டினார். எனக்கு ஆசைதான். மாஸ்டர் தன் பழைய கதையைச் சொன்னார். அப்படிச் செட்டில் செய்த கணக்கு சிபில் அறிக்கையில் 'முடிந்தது' என்று வராது, 'செட்டில்டு' என்றே நிற்கும், அதைப் பார்த்துவிட்டு, மகனுக்காக அவர் கேட்ட வண்டி லோனை மறுத்துவிட்டார்கள். கட்டவே வழியில்லாதவருக்கு அது வழியாக இருக்கலாம், சம்பளம் வருகிறவன் அதை எடுக்கக் கூடாது என்பது அவர் தீர்ப்பு. அந்த அறிக்கையை வருடத்துக்கு ஒரு தடவை இலவசமாக எடுக்கலாம், எங்கள் எல்லாரையும் எடுக்க வைத்தார். நான் அடைத்த ஓர் ஆப் கடன் இன்னும் நிலுவையில் இருப்பதாகக் காட்டியது. ரசீதை வைத்து ஆட்சேபம் போட்டேன், முப்பது நாளுக்குள் சரியானது.

பெரிய சறுக்கல் வரப் பார்த்தது 2024 நவம்பரில். பெரிய கார்டின் கடைசித் தவணை, அக்கா வீட்டுக்காரரான மாமாவின் 80,000-மும் அதற்கு முந்தின மாதம்தான் முடிந்திருந்தது. நகையை மறுபடி அடகு வைத்துப் புதுப்பிக்க வங்கிக்குப் போனால், விலை ஏறிவிட்டது சார், இதே நகைக்கு இன்னும் அறுபதாயிரம் வரை தரலாம் என்றார் கவுன்டரில் இருந்தவர். அடகு வைத்தபோது பவுன் நாற்பதாயிரத்துக்குள், இப்போது ஐம்பத்தைந்தாயிரத்துக்கு மேல். அதே சமயம் என் சொந்த அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. தாய்மாமன் சீர் செய்ய வேண்டும். மாமாவிடம் கைநீட்டி வாங்கினவன் என்ற பேரை அங்கேயே, ஐம்பத்தோரு தட்டோடு, துடைத்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி. ஃபாரத்தை வாங்கி, பேனாவையும் எடுத்துவிட்டேன். விதி ஞாபகம் வந்து வெளியே வந்து டீச்சர் அக்காவுக்குப் போன் செய்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "எத்தனை தட்டு வேணும்னு உங்க அக்காகிட்ட கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அக்காவிடம் கேட்டேன். இருபத்தொன்று போதும்டா என்றாள். 18,000-த்தில் முடித்தேன், அந்த மாதம் நகைக்குக் கட்ட வேண்டியது அதற்குப் போனது. விழாவில் மாமாவின் சித்தி ஒருவர் தட்டுகளைச் சத்தமாக எண்ணினார். இருபத்தொன்றில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். காது சூடானது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

2025 ஜூலையில் பர்சனல் லோன் கடைசித் தவணையும் நகை மீட்பும் ஒரே வாரத்தில் வந்தன. வங்கி லாக்கரிலிருந்து வந்த துணிப்பையை மனைவி அங்கேயே பிரித்து, திருகாணி இருக்கிறதா என்று பார்த்தாள். பவுன் எழுபதாயிரத்தைத் தாண்டியிருந்தது. "இப்ப வச்சா எவ்வளவு தருவாங்க?" என்று சும்மா கேட்டேன். அவள் முறைத்த முறையில் கவுன்டர்காரர் சிரித்துவிட்டார்.

முதல் ஞாயிறு இன்னும் போகிறேன். மாஸ்டருக்கு முடிந்துவிட்டது, தம்பிக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. போன மாதம் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பையன் வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கதவோரமே உட்கார்ந்தான். "ஒன்றரை லட்சம் இருக்கும்ங்ணா" என்றான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து போனை வாங்கினேன். ஒன்பதரை மணிக்கு மூன்று லட்சத்து பன்னிரண்டாயிரத்தில் வந்து நின்றது. "வீட்டுல யார்கிட்டயாச்சும் வாங்கினது இருக்குதா தம்பி?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தங்கச்சி கொலுசு" என்றான்.