பாரிசவாத வார்டில் போன் வீடியோ: எங்கே பிழை வருகிறது?

ரவுண்டில் டொக்டர் கட்டிலடியில் நின்று சொல்லும் விளக்கம் பின்னேரம் வரை தங்காது. மூளையில் இரத்தக் குழாய் அடைத்தோ கசிந்தோ பாரிசவாதம் வந்த முதல் நாட்களில் கவனமும் ஞாபகமும் அப்படித்தான். பார்க்க வரும் மகளுக்கு "ஏதோ நரம்பு அடைச்சிட்டாம்" என்பதே மிஞ்சும். அந்த நோயாளிக்கென்றே போனில் எடுத்த வீடியோவை மகளும் பார்க்கலாம், வீட்டிலும் போடலாம். ஒன்றில் ஒரு விஷயம், இரண்டு நிமிடம். பொது வீடியோவில் பெயரை மட்டும் மாற்றினால் அது அவருடையது ஆகாது.

சீ.ரி. ஸ்கான் படத்தில் இடம் வலம் மாறித் தெரியும். வலது மூளை பாதிக்கப்பட்டால் விழுவது இடது கை. படத்தை மட்டும் காட்டினால் குழப்பம்தான். அவரின் தலையிலேயே கைவைத்து "இந்தப் பக்கம்" என்று காட்டி எடுங்கள். அடைப்பு என்றால் முதல் சில மணித்தியால ஸ்கானில் ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். அதைக் காட்டினால் "ஒண்டுமில்லையாம்" என்று வீட்டில் முடிவெடுத்துவிடுவார்கள்.

காரணங்களையும் அடுக்க வேண்டாம். சிகரெட்டே தொடாத உம்மாவுக்குப் புகைத்தலைப் பற்றிச் சொன்னால் மிச்சத்தையும் கேட்கமாட்டார். பிரஷர் 190/110 இருந்ததா, அந்த எண்ணைக் காட்டுங்கள்.

கூடுதலாகப் பிழை வருவது குளிசையில். "வெள்ளைக் குளிசை இரவைக்கு" என்று சொல்லவே கூடாது. அடுத்த மாதம் கிளினிக்கில் அதே மருந்து வேறு கம்பனியில், வேறு நிறத்தில் வரலாம். பழையதும் புதியதும் சேர்ந்தே வயிற்றுக்குள் போகும். பெயர், எதற்கு, எப்போது: "அட்டோவாஸ்டட்டின், கொழுப்புக்கு, இரவில் ஒன்று." காத்தான்குடி, அக்கரைப்பற்று ஆட்களுக்கு நோன்பு கால நேரத்தையும் டொக்டரிடம் கேட்டுத் தனியாக எடுங்கள். அடைப்புக்கு அஸ்பிரின் கொடுக்கும். இரத்தக் கசிவுக்கு அதே அஸ்பிரின் ஆபத்து. வீடியோ வட்ஸ்அப்பில் பக்கத்து வீட்டுக்கும் போய்விடும் என்பதால் முதல் வசனமே "இது உங்களுக்கு மட்டும்" என்றிருக்கட்டும்.

பாரிசவாதம் திரும்ப வந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனி வீடியோ: வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல். உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழைத்து, கடைசியாக நல்லா இருந்த நேரத்தைச் சொல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு அந்த நேரத்திலிருந்து 4.5 மணித்தியாலமே எல்லை. தூரத்து வாகரையிலிருந்து வருபவர்களுக்கு எண்ணெய் பூசிப் பார்க்க நேரமில்லை.

வார்ட் ஃபேன் சத்தம் குரலை விழுங்கும். ஒரு அடிக்குள் நின்று பேசுங்கள். பக்கத்துக் கட்டில் படத்துக்குள் வரக்கூடாது. எடுக்க முன் சம்மதம் கேளுங்கள். பேச முடியாதவரிடம் தலையசைப்பும் வீட்டாரின் விருப்பமும் வேண்டும்.

போட்டுக் காட்டும்போது கண்ணாடியை மாட்டிவிடுங்கள். இடப்பக்கத்தைக் கவனிக்காத நோயாளிக்கு போனை வலப்பக்கம் பிடியுங்கள், இல்லையென்றால் பாதிப் படம்தான் பார்ப்பார். "விளங்கிச்சா?" என்றால் எல்லாரும் "ஓம்" என்பார்கள். "உம்மா, மகள் கேட்டா இது எதுக்கெண்டு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். பேச வராதவர் சரியான குளிசையைத் தொட்டுக் காட்டினால் போதும்.

கிளினிக்கில் அளவு மாறின அன்றே பழைய வீடியோவை போனிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள், மகளின் போனிலிருந்தும்.