தூக்க முடியாத பூனைக்கு ஒரு வீடு

அஞ்சுவுக்கு வீடு தேடி நான் எழுதிய அறிவிப்பின் முதல் வரி இது: ‘இவளைத் தூக்க முடியாது. மடியில் உட்கார மாட்டாள்.’ படித்த தோழிகள் எல்லாரும் அதை எடுத்துவிடச் சொன்னார்கள். நல்லதை முதலில் போடு, படத்தைப் பார்த்து ஆள் வரட்டும், மற்றதை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்றார்கள். நான் எடுக்கவில்லை. அந்த வரியைத் தெரிந்துகொள்ளத்தான் அத்தனை வாரம் அவளை வீட்டில் வைத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

முதலில் அவள் வந்த கதை. எங்கள் குடியிருப்பில் வண்டி நிறுத்தும் இடத்தில், படிக்கட்டுக்கு அடியில், ஒரு சாம்பல் வரிப்பூனை ரொம்ப நாளாக இருந்தது. யார் காலையும் உரசாது. ஆள் வந்தால் வண்டிக்கு அடியில் போய்விடும். தினமும் மாலை ஒரே நேரத்துக்கு, ஒரே தட்டில் தீனி வைப்பேன். நான் நன்றாகத் தள்ளிப் போன பிறகுதான் வந்து தின்னும். கருத்தடை ஆபரேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு கூண்டைக் கதவைத் திறந்து கட்டி அங்கேயே வைத்து, தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அதற்குள் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில் ஒரு நாள் கழுத்தின் ஒரு பக்கம் வீங்கிப்போய் வந்தது. மறுநாள் தீனியை முகர்ந்து பார்த்துவிட்டு, தின்னாமல் உட்கார்ந்துகொண்டது.

பூனைச் சண்டையில் இது அடிக்கடி நடக்கும். கோரைப்பல் ஊசி மாதிரி இறங்கி வெளியே வந்துவிடும். மேல்தோல் ஓரிரு நாளில் மூடிக்கொள்ளும், உள்ளே கிருமி தங்கிச் சீழ் பிடிக்கும். வெளியே பார்த்தால் காயமே தெரியாது, வீக்கம் மட்டும்தான் இருக்கும். தானாக உடைந்து ஆறிவிடும் என்று பலர் விட்டுவிடுவார்கள். ஆனால் சாப்பிடாத பூனைக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது. வளர்ந்த பூனை சில நாள் சேர்ந்தாற்போல் பட்டினி கிடந்தாலே உடம்புக் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேர ஆரம்பித்துவிடும். அது தனியாக ஒரு பெரிய நோய்.

டின் மீனைச் சுடுதண்ணீரில் வைத்து லேசாகச் சூடாக்கினேன். பூனை வாசனையை வைத்துத்தான் சாப்பிடலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும். சூடானால் வாசனை தூக்கும். தட்டைக் கூண்டின் கடைசி மூலையில் வைத்துவிட்டு, கதவில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அது உள்ளே போனது. கதவை மூடின கையோடு கூண்டின்மேல் ஒரு கெட்டித் துண்டைப் போர்த்தினேன். இருட்டானதும் மோதுவதை நிறுத்திவிட்டது. (பயந்த பூனையைக் கையால் பிடிக்கப் போகாதீர்கள். கடித்துவிட்டால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ரேபிஸ் தடுப்பூசி மட்டும் காரணமில்லை. பூனைக்கடி ஆழமாக இறங்கிச் சீக்கிரம் சீழ் வைக்கும்.)

மருத்துவர் மயக்க ஊசி போட்டு வீக்கத்தைக் கீறிச் சீழை எடுத்தார். மயக்கத்தில் இருக்கும்போதே பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மறுபடியும் மேஜைமேல் ஏற்றுவது லேசான காரியமில்லை. பெண் பூனை என்று சொன்னார். தோள்பட்டைகளுக்கு நடுவில் கருவியை ஓட்டிப் பார்த்தார், வளர்ப்பவர் யாரென்று கண்டுபிடிக்கத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப் இல்லை. கருத்தடை செய்து திரும்பத் தெருவில் விட்ட பூனைக்கு, பார்த்தவுடன் தெரிவதற்காக ஒரு காது நுனியை நேராக வெட்டியிருப்பார்கள். இவளுக்கு இரண்டு காதும் முழுசு, வயிற்றில் தழும்பும் இல்லை. பற்கள் எல்லாம் நிலைப்பற்கள், கடைவாயில் கொஞ்சம் காரை. இரண்டு வயது இருக்கலாம் என்றார். ஆறேழு மாதத்துக்குள் பால்பற்கள் விழுந்து முடிந்துவிடும். அதற்கப்புறம் பல்லை வைத்துச் சொல்கிற வயது ஒரு குத்துமதிப்புதான். கடியால் பரவும் எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்), லுக்கீமியா வைரஸ் இரண்டுக்கும் ரத்தம் எடுத்தார், இரண்டும் இல்லை. ஆனால் கடி புதுசு என்பதால், தொற்றியிருந்தாலும் இப்போதே காட்டாது. இரண்டு மாதம் கழித்து எஃப்ஐவிக்கு இன்னொரு தரம் பாருங்கள் என்றார்.

யாராவது தொலைத்த பூனையோ என்று சுற்றுவட்டாரத்தில் விசாரித்தோம், படம் ஒட்டினோம். யாரும் வரவில்லை. கண்ணோரத்தில் மை தீட்டின மாதிரி ஓடும் கறுப்புக் கோட்டைப் பார்த்து என் மகள் அஞ்சனா என்று பெயர் வைத்தாள். சீக்கிரமே அது அஞ்சு ஆகிவிட்டது.

பின்னறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தோம். மலஜலம் கழிக்க மண் தட்டு ஒரு மூலையில், தீனி எதிர்மூலையில், தண்ணீர் இரண்டுக்கும் தள்ளி. பக்கவாட்டில் ஓட்டை போட்ட ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வைத்தோம். பெட்டி மிக முக்கியம். 2014-ல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒரு பாதிக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தார்கள், மறு பாதிக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்தவை சில நாளிலேயே தெளிந்துவிட்டன. மற்றவற்றுக்குக் கூடுதல் நாள் பிடித்தது. ஒளிந்துகொண்டால் பழகாது என்று பெட்டியை எடுத்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து எடுக்காதீர்கள். ஒளிய இடம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது வெளியே வரும்.

நான் தினமும் அந்த அறைத் தரையில் உட்கார்ந்து என் வேலையைப் பார்த்தேன். அவளை நேராகப் பார்ப்பதில்லை. பார்வை சந்தித்தால் கண்ணை மெல்ல மூடித் திறப்பேன். இது வெறும் நம்பிக்கை இல்லை: இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-ல் சோதித்திருக்கிறார்கள். அப்படிக் கண் சிமிட்டிய அந்நியரின் நீட்டிய கையருகே பூனைகள் அதிகம் வந்திருக்கின்றன. அஞ்சுவும் பெட்டிக்குள்ளிருந்து பதிலுக்குக் கண்ணை மூடித் திறந்த அன்று நான் எழுந்து போய் மகளைக் கூப்பிடக்கூட இல்லை. அசைந்தால் கெட்டுவிடுமோ என்று அப்படியே இருந்தேன்.

வெளியே வந்ததைச் சொல்ல வேண்டும். முதலில் மீசை வந்தது, அப்புறம் ஒரு முன்னங்கால். உடம்பின் பாரமெல்லாம் பின்னங்கால்களில், வயிறு தரையோடு தரையாக. ஒரு காது என் பக்கம், மற்றது கதவுப் பக்கம் தனித்தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. நாற்காலிக் காலை முகர்ந்தாள். முகர்ந்துவிட்டுக் கன்னத்தை அதில் ஒரு தரம் தேய்த்தாள். பூனையின் கன்னத்தில் வாசனைச் சுரப்பி இருக்கிறது. தன் வாசனையை ஒரு பொருளில் வைத்துவிட்டால் அது அதற்குத் தெரிந்த பொருள். உடனே பெட்டிக்குத் திரும்பிவிட்டாள். அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் மறுநாள் நேராக அந்த நாற்காலிக்கு வந்தாள்.

புண் ஆறி, தடுப்பூசியும் கருத்தடை ஆபரேஷனும் முடிந்து வீட்டுக்குள் திரிய ஆரம்பித்த பிறகுதான் அவள் எப்படிப்பட்டவள் என்று புரிந்தது. நான் போகிற அறைக்கெல்லாம் வருவாள். ஒரு முழம் தள்ளி, முதுகை எனக்குக் காட்டிக்கொண்டு உட்காருவாள். தலையைத் தடவினால் கண் சொக்கும். கை முதுகுக்குப் போனால் திரும்பி, நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு பாதத்தை என் கைமேல் வைத்து அழுத்துவாள். கீற மாட்டாள், கடிக்க மாட்டாள், அந்த அழுத்தம்தான். தூக்கினால் மட்டும் உடம்பு விறைத்துவிடும்.

இது யார் செய்த தப்பும் இல்லை. பூனைக்குட்டி மனிதரோடு பழகுவதற்கான காலம் பிறந்த இரண்டாம் வாரத்தில் தொடங்கி ஏழாம் வாரத்தோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அந்தச் சில வாரங்களில் மனிதக் கை படாமல் வளர்ந்தது பிற்காலத்தில் எவ்வளவோ நெருங்கி வரலாம், ஆனால் மடிப்பூனையாக மாறுவது அபூர்வம். அஞ்சு வந்த தூரமே பெரிய தூரம். அதற்கு மேல் கேட்காத வீடு அவளுக்கு வேண்டும். அதனால்தான் அந்த முதல் வரி.

அதற்குக் கீழே எழுதியது: ‘ஆனால் உங்களைத் தனியாக விடமாட்டாள். மண் தட்டை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. துடைப்பத்தைக் கண்டால் பயம். ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்தால் அரைநாள் அங்கேதான். இரண்டு வயது இருக்கலாம், ஆபரேஷன் ஆகிவிட்டது.’ படம் அவள் கண் உயரத்துக்குத் தரையில் படுத்து, பகல் வெளிச்சத்தில் எடுத்தது. மேலிருந்து எடுத்தால் எல்லாப் பூனையும் பயந்த பூனையாகத்தான் தெரியும்.

குட்டிகள் இரண்டே நாளில் போய்விடும், வளர்ந்த பூனைக்குத்தான் ஆள் கிடைக்காது. எனக்கு இதில் எப்போதும் வருத்தம் உண்டு. குட்டி என்னவாக வளரும் என்று யாருக்கும் தெரியாது; வளர்ந்த பூனையின் குணம் கண்முன்னே இருக்கிறது.

அறிவிப்பைப் பார்த்து முதலில் பேசியவர் எலி பிடிக்குமா என்று மட்டும் கேட்டார். அடுத்தவர் யாருக்கோ பரிசாகக் கொடுக்கக் கேட்டார். இரண்டுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டேன். மூன்றாவதாக ஒரு தங்கை. “அக்கா, என் பையன் தூக்காமல் இருக்கவே மாட்டான். எங்களுக்குச் சரிவராதுன்னு நினைக்கிறேன், ஆனா படம் ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றாள். அந்த வரி போட்டதற்கு அன்றே பலன் கிடைத்தது. தெரிந்த ஒருவரிடம் கையில் வளர்ந்த குட்டிகள் இரண்டு இருந்தன, அவளை அங்கே அனுப்பினேன். இப்போது அந்தப் பையனின் தோளில் ஒன்று, காலில் ஒன்று.

இன்னொரு தம்பதிக்கு அஞ்சுவைப் பிடித்தே விட்டது. ஆனால் உயர்ந்த மாடி, பால்கனிக்கு வலை இல்லை. பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில்தானே நிற்கும் என்றார் கணவர். 1987-ல் நியூயார்க் மருத்துவர்கள் இருவர், கட்டடங்களிலிருந்து விழுந்து ஒரே மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். பிழைத்தவைதான் அதிகம், ஆனால் நெஞ்சில் அடி, தாடை பிளவு, கால் முறிவு என்று பட்டுத்தான் பிழைத்திருக்கின்றன. வலை போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள், எத்தனை நாள் ஆனாலும் பேசலாம் என்றேன். அவர்கள் கூப்பிடவில்லை. அப்படிச் சொல்வது கஷ்டமாகத்தான் இருந்தது, நல்ல மனிதர்கள். ஆனால் கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்ட இது நம் உயிர் இல்லை.

அப்புறம் அவர் பேசினார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார், பல வருடம் கூடவே இருந்த பூனை போய்ச் சேர்ந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. “தூக்க வேண்டாம்மா. வீட்டுல இன்னொரு உயிர் நடமாடினா போதும்” என்றார். உடனே கேள்விகளாகக் கேட்டார். எந்த மண் பழக்கம், ராத்திரி எங்கே படுப்பாள், துடைப்பம் என்றால் வாக்குவம் கிளீனருக்கும் பயப்படுவாளா, அவள் முன்னாலேயே பெருக்காமல் இருந்தால் போதுமா. நான் கேட்க நினைத்ததை அவரே கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்க வந்தபோது தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த புத்தகத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். அஞ்சு அலமாரிக்குப் பின்னாலிருந்து ரொம்ப நேரம் பார்த்தாள். வந்து அவர் காலுறையை முகர்ந்தாள். அவர் புத்தகத்தின் பக்கத்தைக்கூடத் திருப்பவில்லை.

ஒப்படைக்கும் முன் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன், அவரே கூப்பிட்டார். ஜன்னல்களுக்கு வலை இருந்தது. பூச்சாடியில் லில்லி இல்லையே என்று பார்த்தேன். அதன் மகரந்தத்தை நக்கினால்கூடப் பூனைக்குச் சிறுநீரகம் போய்விடும். பாராசிட்டமாலை மேஜைமேல் வைக்காதீர்கள், ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும் என்றேன். உண்ணிக்கு நாய்க்கு விற்கிற பெர்மெத்ரின் மருந்தைப் போடவே கூடாது என்றும் சொன்னேன். முதலில் ஒரே அறை, அதே மண், அதே தீனி, துவைக்காத அவள் துண்டு. மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் பழக்கம், மூன்று மாதத்தில் வீடு என்று பூனைக்காரர்கள் ஒரு கணக்குச் சொல்வோம், அதையும் சொன்னேன். ஒத்துவரவில்லை என்றால் எப்போதானாலும் என்னிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், வேறு யாருக்கும் தரக்கூடாது என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

மகள் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

முதல் வாரம் அஞ்சு அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தாள். அவர் பதறவில்லை. தினமும் இரவு செய்தி வரும்: சாப்பிட்டாள், மண் தட்டுக்குப் போனாள். பிறகு படம் வந்தது, ஜன்னல் திட்டில் முதுகைக் காட்டிக்கொண்டு. இப்போது அவர் எழுதும் மேஜையில், அவர் முழங்கைக்கு ஒரு முழம் தள்ளிப் படுக்கிறாளாம். எஃப்ஐவி மறுபரிசோதனைக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். இல்லை என்று வந்துவிட்டது. கூண்டை நேற்றுத் திருப்பி வாங்கிக்கொண்டேன். படிக்கட்டுக்கு அடியில் இப்போது ஒரு கடுவன் வருகிறான், காது நுனி முழுசாக இருக்கிறது. தட்டைக் கூண்டு வாசலில் வைக்க ஆரம்பித்திருக்கிறேன்.